மணியடிக்கிற கால்

கல்கத்தா
4.10.1998

அன்புள்ள ஜோதிக்கு,

இங்கன எனக்கு ஒரு குறையும் இல்லை, தின்கிற சோற்றைத் தவிர. அங்கன நீயும் பாப்பாவும் சுகமா? அவளுக்கு மறுபடி காய்ச்சல் வரவில்லையே? உங்க அய்யாவின் இருமல் தேவலையா? உன் அண்ணன் கர்ணனையும் கேட்டதாகச் சொல்.

போன் போடச் சொல்லி எழுதியிருந்தாய். எஸ்.டி.டி. பூத்தில் நான் ஒரு வார்த்தை பேசினால் அனுமந்தன்பட்டியே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். பெண்டாட்டியிடம் கொஞ்ச வேண்டியதை ஊருக்கெல்லாம் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? கடிதம்தான் சரி.

செருப்பு மறுபடி போய்விட்டது. சிரிக்காதே. டிராம் ஓட்டுகிறவன் உட்கார முடியாது, நின்றபடிதான் ஓட்ட வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்பே சொன்னேன் அல்லவா? இடது கையில் வேகத்துக்கான பிடி, வலது கையில் பிரேக். ஹாரன் கிடையாது. காலடியில் ஒரு இரும்புக் குமிழ் இருக்கிறது, அதை வலது காலால் மிதித்தால் வண்டிக்கு அடியில் 'டங் டங்' என்று மணி அடிக்கும். இந்த ஊர்க்காரர்களோ தண்டவாளத்தின் மேலேயே நின்று கதை பேசுகிற ஆட்கள். நாளெல்லாம் மிதித்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. கடைச் செருப்பெல்லாம் அதற்குத் தாங்காது. பெருவிரலுக்குக் கீழே சீக்கிரமே குழி விழுந்துவிடுகிறது.

அதனால் வழக்கம்போல ஒச்சாண்டி அண்ணனிடம் சொல்லிவை. உத்தமபாளையத்தில் அவர் பஞ்சர் கடையில் லாரி டயரை வெட்டித் தைத்துக் கொடுப்பதுதான் என் காலுக்கு வரும். பழைய ஜோடியை, ஏலக்காய் லாரியில் இங்கே வந்த பொன்னுராஜிடம் கொடுத்துவிட்டேன். அதைப் பார்த்தால்தான் எங்கே தேய்கிறதோ அங்கே இரண்டு அடுக்கு வைத்து அவர் தைப்பார்.

பாப்பா பிழைத்தால் என்னைத் தீச்சட்டி எடுக்க வைப்பதாக வீரபாண்டி கௌமாரியிடம் நீ வேண்டிக்கொண்டது நினைவிருக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு லீவு இப்போதே எழுதிக் கேட்டுவிட்டேன். நாக்குத் தவற மாட்டேன்.

உன்,
வேல்பாண்டி


அனுமந்தன்பட்டி
25.10.1998

அன்புள்ள மாமாவுக்கு,

நாகஜோதி எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லாரும் சுகம். பாப்பா தவழ்கிறாள், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடுகிறாள். உங்கள் உடம்பு எப்படி? சோற்றைக் குறை சொன்னால் போதாது, வேளைக்குச் சாப்பிட வேண்டும்.

செருப்பை ஒச்சாண்டி அண்ணனிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, உன் புருசன் அங்கன வண்டி ஓட்டுறானா, டான்ஸ் ஆடுறானா? இடது செருப்பு புதுசாட்டம் இருக்கு. வலதுல மட்டும் நெல்லிக்காய் வைக்கிற மாதிரி குழி!" என்றாக. கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பொன்னுராஜ் அண்ணன் அடுத்த லோடு ஏற்றும்போது புதுசு வரும். அதுவரை கடைச் செருப்பில் சமாளியுங்கள்.

இங்கே ஒரு கூத்து. அய்யா வாலிபத்தில் மெட்ராஸில் மூட்டை தூக்கினாக இல்லையா? "நானும் டிராம்ல போயிருக்கேன். அம்பத்து மூணுலயே அதை இழுத்து மூடிட்டாக. மெட்ராஸ்லயே ஓடாதது கல்கத்தாவுல எப்படி ஓடும்?" என்று கேட்டாக. உடனே அண்ணன் பிடித்துக்கொண்டாக. "அதான் நானும் கேக்கேன். இவன் நம்ம காதுல பூ சுத்துறான்." உங்கள் சித்தப்பா கல்கத்தா டிராம் ஒர்க்‌ஷாப்பில் இருந்து உங்களைச் சேர்த்துவிட்ட கதையை நான் சொன்னதற்கு, "சித்தப்பாவும் செத்துப் போயிட்டாரு, யாருகிட்டப் போய்க் கேக்க?" என்கிறாக.

நீங்கள் ஓட்டுகிற வழியை விவரமாக எழுதுங்கள் மாமா. அண்ணன் முகத்துக்கு நேரே படித்துக் காட்ட வேண்டும்.

முகவரியில் தேனி மாவட்டம் என்று போடுங்கள். மதுரை மாவட்டம் என்று பழைய ஞாபகத்தில் எழுதினால் ஊரைச் சுற்றிவிட்டு வருகிறது.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
நாகஜோதி


கல்கத்தா
20.11.1998

என் ஜோதிக்கு,

நலம், நலமே ஆகுக. பனி ஆரம்பித்துவிட்டது, மப்ளர் கட்டிக்கொண்டு ஓட்டுகிறேன்.

உன் அண்ணனுக்கு வழி வேண்டுமாம், எழுதுகிறேன், சத்தமாகப் படி. டோலிகஞ்ச் டிப்போவில் கிளம்பினால் முதலில் காளிகாட். அங்கே கோயிலுக்குப் போகிற கூட்டம் ஏறும், செம்பருத்தி மாலையும் கையுமாக. பிறகு கடைத்தெரு. அப்புறம் மைதானம். வீட்டுச் சுவர் ஒன்றும் இல்லாத பெரிய புல்வெளி, தண்டவாளம் புல்லுக்குள்ளேயே போகும். ஒரு பக்கம் பயல்கள் பந்து உதைப்பார்கள், இன்னொரு பக்கம் ஆடு மேயும். நம் வருசநாட்டு ஆடு மாதிரியே மணிச்சத்தத்துக்கு அசையாத ஆடுகள். கடைசியில் எஸ்பிளனேட். அங்கே வளைந்து திரும்பி வந்த வழியே போக வேண்டும்.

வண்டி இரண்டு பெட்டி. முன்பெட்டியில் மின்விசிறி உண்டு, அது முதல் வகுப்பு. கூரை மேல் நீளக் கம்பு ஒன்று தலைக்கு மேலே ஓடுகிற மின்கம்பியைத் தொட்டபடி வரும். அது விலகினால் வண்டி நின்றுவிடும். கண்டக்டர் நிதாய் இறங்கிப் போய்க் கயிற்றை இழுத்துச் சரி செய்வான். என்னைவிட இளையவன், நல்லவன், ஆனால் சோம்பேறி. கம்பு விலகினால் போதும், எல்லாக் கடவுளையும் திட்டுவான்.

தேனி பஸ்ஸைப் போலக் கிடையாது ஜோதி. யாரையும் முந்த முடியாது, ஒதுங்கவும் முடியாது. தண்டவாளம் போகிற இடத்துக்கு நானும் போகிறேன். பாப்பாவுக்கு முத்தம்.

அன்பு மாறாத,
வேல்பாண்டி


அனுமந்தன்பட்டி
20.1.1999

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்டு இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் வந்து சேர்ந்ததா இல்லையா?

கார்த்திகை போய், மார்கழி போய், பொங்கலும் போய்விட்டது. புருசனிடமிருந்து ஒரு வரி இல்லாமல் பொங்கல் பானையை இறக்கி வைத்தவள் இந்தத் தெருவிலேயே நான்தான். தபால்காரர் சைக்கிள் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது அண்ணன் என் முகத்தைப் பார்க்கிறாக. அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"எழுதுறதுக்கு விசயம் இருந்தா எழுத மாட்டானா? மறைக்கிறதுக்கு விசயம் இருக்கு, அதான் எழுதல" என்று நேற்றுச் சொன்னாக. நான் சண்டை போட்டேன். போட்டுவிட்டு உள்ளே போய் அழுதேன். எனக்கும் அதே எண்ணம் வந்துவிட்டதே என்று அழுதேன்.

புதுச் செருப்பும், முறுக்கும் அதிரசமும் பொன்னுராஜ் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். இத்தனை நாள் லோடு இல்லை, இப்போதுதான் கிளம்புகிறாக. வலது காலுக்கு இரட்டை அடுக்கு. ஒரு வரி எழுதுங்கள்.

நாகஜோதி


கல்கத்தா
12.2.1999

அன்புள்ள ஜோதிக்கு,

சுகம். நீயும் பாப்பாவும் பெரியவர்களும் சுகம் என நம்புகிறேன். உன் கடிதங்கள் வந்தன. நான் எழுதியவைதான் மதுரை மாவட்டம் என்று போட்டதால் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும்.

வேலை அதிகம். ஆள் குறைவு. செருப்பு வந்தது, கச்சிதமாக இருக்கிறது என்று ஒச்சாண்டி அண்ணனிடம் சொல்.

இங்கே ஒரு நாற்சந்தி. மூலையில் ஒரு டீக்கடை, மண் குவளையில்தான் டீ. எதிரே சோடாப் புட்டி விற்கிறவன். அரசமரத்தடியில் ஒருவன் கிளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், நாளெல்லாம் பார்த்தாலும் அந்தக் கிளி ஒரு சீட்டைக்கூட எடுப்பதில்லை. வெயில் ஏறியதும் கிளியோடு மரத்தின் மறுபக்கம் போய்விடுவான். வேடிக்கையாக இருக்கும்.

சித்திரைத் திருவிழாவுக்கு லீவு கிடைப்பது கஷ்டம். அடுத்த வருடம் பார்க்கலாம். கௌமாரி பொறுத்துக்கொள்வாள்.

வேல்பாண்டி


அனுமந்தன்பட்டி
3.3.1999

மாமாவுக்கு,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் சுகத்துக்கும் குறைவில்லை என்று பொன்னுராஜ் அண்ணன் வந்து சொன்னாக.

அவுக சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டிப்போ வாசல்ல போய் வேல்பாண்டின்னு கேட்டேன். உள்ள போனவன் திரும்பி வரல. ரொம்ப நேரங்கழிச்சு ஒரு பொம்பள வந்துச்சு. கையில வெள்ளை வளையலும் செவப்பு வளையலும், நெத்தி வகிடு பூரா குங்குமம். அரைகுறை இந்தியில 'அவர் வர மாட்டார், எங்கிட்டக் குடு'ன்னுச்சு. தன் வீட்டுச் சாமான் மாதிரி வாங்கி இடுப்புல வச்சுக்கிட்டுப் போயிருச்சு."

இதை என்னிடம் தனியாகச் சொல்லக் கூடாதா அந்த மனுசன்? அண்ணன், அய்யா, பக்கத்து வீட்டு மொக்கம்மாள் மதினி எல்லாரும் இருக்கும்போது நடுவீட்டில் சொன்னாக. மதினி என்னைப் பார்த்து "உச்சு" கொட்டியது இன்னும் காதில் கேட்கிறது.

யார் மாமா அது? என் கையால் சுட்ட அதிரசத்தை வாங்கிப் போக அவளுக்கு என்ன உரிமை? இருபதடி நடந்து வாசலுக்கு வர உங்களுக்கு என்ன கேடு? தீச்சட்டிக்கு வராமல் நழுவுவதும் இதற்காகத்தானா?

பூசி மெழுகாமல் எழுதுங்கள். எனக்குத் தெரிய வேண்டும்.

நாகஜோதி


கல்கத்தா
22.3.1999

ஜோதிக்கு,

நலம். பாப்பாவுக்கு நடை வந்துவிட்டதா?

அந்தப் பெண் நிதாயின் பெண்சாதி. அன்றைக்கு நான் வண்டியில் இருந்தேன், அதனால் அவள் வந்து வாங்கினாள். அவ்வளவுதான். நீ நினைக்கிற மாதிரி ஒன்றுமில்லை. பாப்பா மேல் சத்தியம். இதற்கு மேல் என்ன எழுத?

பொன்னுராஜ் மறுபடி வந்திருக்கிறான். நீ அனுப்பின செருப்பை நிதாய் கையில் கொடுத்து அவனிடம் சேர்க்கச் சொன்னேன். நன்றாகத் தேய்ந்துவிட்டது. புதுசு தைக்கச் சொல்லி ஒச்சாண்டி அண்ணனிடம் கொடு.

இன்று நாற்சந்தியில் கிளிக்காரன் வரவில்லை. டீக்கடைக்காரனுக்குப் பெண் பிறந்திருக்கிறது, எல்லாருக்கும் சந்தேஷ் என்கிற பால் இனிப்பு கொடுத்தான். மழை வரும்போல இருக்கிறது.

உன் அண்ணன் சொல்வதைக் கேட்டு மனதைக் கெடுத்துக்கொள்ளாதே.

வேல்பாண்டி


அனுமந்தன்பட்டி
5.4.1999

மாப்பிள்ளை வேல்பாண்டிக்கு,

கர்ணன் எழுதுவது. சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் முறைக்குக் கேட்கிறேன், சுகமா?

என் தங்கச்சியை உங்களுக்குக் கொடுத்தபோது தேவாரத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தான். தோட்டம், கிணறு, மோட்டார் எல்லாம் உள்ளவன். டிராம் வேலைக்காரன் என்று நம்பி அவனை வேண்டாம் என்றோம். இப்போது நீங்கள் டிராமில்தான் இருக்கிறீர்களா என்பதே எனக்குச் சந்தேகம். கடிதம் எழுதாத மாதங்களில் எங்கே இருந்தீர்கள்? ஜெயிலா, வேறு வீடா?

பெற்ற பிள்ளைக்காக நேர்ந்த தீச்சட்டியை எடுக்க வராதவனுக்கு நெஞ்சில் குற்றம் இல்லாமல் இருக்காது. கௌமாரி முன்னால் நிற்கப் பயம், அதுதான் விஷயம்.

திருவிழாவுக்கு வந்து நீங்களே சட்டியை எடுத்தால் உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். வரவில்லையென்றால் திருவிழா முடிந்த கையோடு ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்து அத்து விட்டுவிடுவோம். ஜோதிக்கு வயசு இருக்கிறது, வேறு வாழ்க்கை பார்த்துக்கொள்ளுவாள்.

இப்படிக்கு,
மை. கர்ணன்


கல்கத்தா
13.4.1999

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

வணக்கம். சுகம். மாமாவின் உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவிழாவுக்கு என்னால் வர முடியாது. தீச்சட்டி எடுக்கவும் முடியாது. பெரியவர்கள் என்ன முடிவு செய்தாலும் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஜோதிக்கு நல்ல இடம் அமைந்தால் எனக்குச் சம்மதம். பாப்பாவை மட்டும் யாரும் வைய விடாதீர்கள்.

தயவு செய்து என்னைத் தேடி யாரும் இங்கே வர வேண்டாம்.

வேல்பாண்டி


அனுமந்தன்பட்டி
22.4.1999

அன்புள்ள மாமாவுக்கு,

பாப்பா நடக்கிறாள். அய்யா தேவலை. என் சுகத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

வீரபாண்டியில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டாகிவிட்டது. ஊரே ஈரத்துணியோடு அதற்கு ஊற்றத் தண்ணீர்க் குடம் தூக்கிப் போகிறது. அண்ணன் உங்கள் கடிதத்தை என் முன்னால் வீசி, "பாத்தியா, அத்து விடச் சம்மதம்னு அவனே எழுதிட்டான்" என்றாக. நான் அதை எடுத்துக்கொண்டு, பொன்னுராஜ் அண்ணன் கொண்டுவந்து போட்ட செருப்புப் பொட்டலத்தோடு உத்தமபாளையத்துக்குப் போனேன்.

சண்டை போடத்தான் போனேன் மாமா. "இந்த ஆளுக்கு இனிமேல் செருப்புத் தைக்க வேண்டாம்" என்று ஒச்சாண்டி அண்ணன் கடையில் வீசிவிட்டு வரத்தான் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். வலது செருப்பின் அடிப்பக்கம் தேய்ந்திருந்தது. ஆனால் குதியிலிருந்து நுனிவரை ஒரே சீராக, அம்மியில் வைத்துத் தேய்த்த மாதிரி. பெருவிரலுக்குக் கீழே குழி இல்லை. நாளெல்லாம் மணி மிதிக்கிற காலுக்கு இப்படித் தேயுமா? வண்டி ஓட்டவில்லை, பொய் சொல்கிறாக என்று நினைத்தேன்.

அப்புறம் உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். இடது செருப்பில் ஐந்து விரலும் குதிகாலும் கறுப்பாகப் பதிந்திருக்கின்றன. வலது செருப்பில் ஒன்றுமே இல்லை. தைத்துக் கொடுத்த அன்று இருந்த மாதிரி இருக்கிறது. வியர்வைக் கறைகூட இல்லை.

ஒரு காலில் மட்டும் செருப்புப் போட்டு நடக்கிற மனுசன் யார் இருக்கிறார்?

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். நவம்பரில் காளிகாட், மைதானம், ஆடு, எஸ்பிளனேட் என்று ஓடுகிறீர்கள். பிப்ரவரியிலிருந்து ஒரே நாற்சந்தி. அதே டீக்கடை, அதே கிளி. கிளிக்காரன் வெயிலுக்கு மரத்தின் மறுபக்கம் போவதுவரை தெரிகிறது உங்களுக்கு. டிராமில் போகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? அங்கேயே உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் தெரியும். 'தண்டவாளம் போகிற இடத்துக்கு நானும் போகிறேன்' என்று எழுதினவருடைய வண்டி ஏன் நகரவே இல்லை?

உங்கள் வலது கால் எங்கே மாமா?

ஒன்றரை மாதமாக அந்த வளையல்காரியைக் கரித்துக்கொட்டினேன். அவள் குழம்பு தீய வேண்டும், அவள் வளையல் உடைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இப்போது தெரிகிறது, எனக்குப் பதில் அவள்தான் உங்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறாள். அவளிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டாம்.

உங்களை நான் சந்தேகப்பட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஊரே ஓதியது, நானும் கேட்டேன். ஆனால் நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டதற்கு என்ன பெயர்? கால் இல்லாத புருசனை ஜோதி வேண்டாம் என்பாள், தோட்டமும் கிணறும் பார்த்துப் போய்விடுவாள் என்று யார் உங்களிடம் ஓதினார்கள்? யாரும் ஓதவில்லை. நீங்களாகவே முடிவு கட்டிவிட்டு, எனக்கு இன்னொரு மாப்பிள்ளை பார்க்கச் சம்மதம் வேறு எழுதுகிறீர்கள். இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நேரில் வாருங்கள், நாலு அடி அடித்தால்தான் ஆத்திரம் தீரும்.

தீச்சட்டியைப் பற்றிக் கோயில் பூசாரியிடம் கேட்டேன். ஊன்றுகட்டையைப் பிடித்த கையால் சட்டியைப் பிடிக்க முடியாது, அது எனக்கும் தெரியும். "பெண்டாட்டி எடுக்கட்டும், நேர்ந்த ஆளு கூடவே வரணும், அது போதும்" என்றாக. சட்டியை நான் எடுக்கிறேன். நீங்கள் பக்கத்தில் வாருங்கள். மெதுவாகவே போகலாம். எனக்கு அவசரம் இல்லை.

அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் வந்து சொல்லுங்கள். நான் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தால், என்னைத் திட்டி எழுதுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். என் சுகம் உங்கள் பதிலில் இருக்கிறது.

கடையில் செருப்பைப் பார்த்துவிட்டு ஒச்சாண்டி அண்ணன் கேட்டாக: "ஜோடியாத் தைக்கவா, ஒத்தையாத் தைக்கவா?" என்ன சொல்ல மாமா?

நாகஜோதி


கல்கத்தா
30.4.1999

என் ஜோதிக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று இதுவரை எழுதியதெல்லாம் பொய். இன்று எழுதுவது நிஜம்.

டிசம்பரில் ஒரு பனிக்காலை. கம்பு விலகி வண்டி நின்றது. நிதாயால் இழுத்துப் போட முடியவில்லை. நான் இறங்கிப் பின்பக்கம் போனேன். பனியில் பின்னால் வந்த லாரிக்காரனுக்கு என்னைத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நிதாயும் அவன் பெண்சாதியும் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். இப்போது நாற்சந்தியில் ஒரு கூண்டில் உட்கார்ந்து, வருகிற வண்டிக்குத் தகுந்தபடி தண்டவாளத்தைத் திருப்பிவிடுகிற வேலை. மற்றவர்கள் மணியடித்துக்கொண்டு என்னைக் கடந்து போகிறார்கள். மணி கேட்கும்போதெல்லாம் இல்லாத கால் மிதிக்கிறது ஜோதி.

அந்தச் செருப்பைத் தண்டவாளத்தில் வைத்து நானேதான் தேய்த்தேன். ஒரு நாள் முழுவதும் தேய்த்தேன். உள்ளே கை விட்டுப் பார்ப்பாய் என்று தோன்றவில்லை.

நீ சொன்னது சரி. உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். அடி, வாங்கிக்கொள்கிறேன்.

நிதாய் துணைக்கு வருகிறான். திருவிழாவுக்கு முதல் நாள் தேனி பஸ் ஸ்டாண்டில் இறங்குவோம். உன் அண்ணனையும் கூட்டி வா. பாப்பாவைத் தூக்கி வராதே, நடத்திக் கூட்டி வா. நான் பார்க்க வேண்டும்.

ஒச்சாண்டி அண்ணனிடம் சொல், ஒற்றை போதும். இடது காலுக்கு.

உன்,
வேல்பாண்டி